ஆற்றங்கரைப் பூங்கா: பொக்லைனுக்கு வழி விட்டீர்களா?

போன மாதம் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தங்கள் பகுதி ஆற்றங்கரையில் பூங்கா அமைத்து, அரசோடும் ஒரு நிறுவனத்தோடும் சேர்ந்து பராமரிக்கப் போகிறார்களாம். வரைபடம், நன்கொடைக் கடிதம், திறப்பு விழாவுக்குக் குறித்த நாள், எல்லாம் கோப்பில் இருந்தன. பதினோரு ஆண்டுக்கு முன் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் பூங்கா அமைக்க நாங்கள் தூக்கிக்கொண்டு அலைந்த அதே மாதிரிக் கோப்பு. எந்தத் தவறுகளைச் செய்யக் கூடாது என்று அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். குப்பைத்தொட்டி, காவலாளி சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தூர்வாருபவரை மறப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஓர் அலுவலகத்தில் அனுமதி வாங்கினோம். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்ததால் போதும் என்று நம்பிவிட்டோம். ஆற்றங்கரைக்கு ஒரே ஆள் பொறுப்பில்லை. சென்னையில் ஆறு நீர்வளத் துறையிடம். பூங்காக்களும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியிடம். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம். எங்கள் ஊரிலும் இப்படித்தான் பிரிந்து கிடந்தது. மழைக்கு முன் ஆற்றைத் தூர்வாருபவர்களிடம் நாங்கள் போகவே இல்லை.

இரண்டாம் ஆண்டு செப்டம்பரில் பொக்லைன் வந்தது. ஆற்றுக்குள் இறங்க எங்கள் நடைபாதையை விட்டால் வேறு வழி இல்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, "எப்படி சார் இறங்குறது?" என்று எங்களையே கேட்டார். வேலி போனது. நான்கு சிமென்ட் பெஞ்சுகள் போயின. ஆற்றிலிருந்து அள்ளிய சேற்றை எங்காவது கொட்ட வேண்டுமே? இரண்டு கோடை தாங்கி நிமிர்ந்திருந்த நாவல், நீர்மருதுக் கன்றுகளின் மேல் கொட்டினார்கள். அந்தக் கறுப்புச் சேறு காய்ந்து, அள்ளி முடிக்க மூன்று மாதம் ஆனது. சண்டைக்குப் போனோம். அவர்களிடம் தூர்வாரும் உத்தரவு இருந்தது. எங்களிடம் வேறோர் அலுவலகத்தின் தாள். தூர்வாராமல் விட்டிருந்தால் தண்ணீர் பின்தெருவுக்குள் வந்திருக்கும் என்பதும் உண்மைதான்.

அதனால் வரைபடத்தில் முதலில் பொக்லைன் பாதையைப் போடுங்கள். அப்புறம் சேறு கொட்டும் இடம். அதை யார், எத்தனை நாளில் அள்ளுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தூர்வாரும் துறையிடமும் கையெழுத்து வாங்குங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 160 ஏக்கர் பஃபலோ பேயூ பூங்கா இருக்கிறது. 1986-இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றும், மாநகராட்சியும், ஒரு தனியார் அறக்கட்டளையும் சேர்ந்து உருவாக்கியது. வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையையும் கட்டும்போதே பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். 2017-இல் ஹார்வி புயலில் பூங்கா மூழ்கிச் சேறு மண்டியபோது, இது யார் வேலை என்று அங்கே புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

நான்காம் ஆண்டுக்குப் பணம் வைக்காதது

கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், கல்வெட்டில் பெயர் வருமே! புல் வெட்டும் கூலிக்குத்தான் ஆள் அகப்பட மாட்டார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில், பல ஆண்டுத் திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான் கணக்கு. ஹூஸ்டனில் நான் சொன்ன தனியார் அறக்கட்டளை, கின்டர் அறக்கட்டளை, 3 கோடி டாலர் கொடுத்தது. ஆண்டுப் பராமரிப்புக்கோ உள்ளூர் வரிப் பணத்திலிருந்து தனி ஏற்பாடு. நம் ஊரில் அதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், கேளுங்கள்.

உப்பைப் பார்க்காமல் கன்று வாங்குவது

முகத்துவாரம் பக்கத்தில் என்றால் கடல்நீர் ஏறும். அடையாறு கழிமுகத்தில் 2011-இல் திறந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவில் உப்புநீரைத் தாங்கும் அலையாத்திச் செடிகள் நட்டது அதனால்தான். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் சாக்கடையும் கலந்திருக்கும்.

மின்பெட்டியைத் தாழ்வாக வைப்பது

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாற்றுக் கரைக்காரர்களைக் கேளுங்கள், தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அதற்கு மேலே வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுப்பது

வேண்டாம்.

வந்தவர்கள் வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்த்தார்கள். நடைபாதை ஐந்தடி அகலம். திறப்பு விழாவைத் தள்ளிவைக்க முடியாதாம், பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம்.