மலைக்குக் குடிவருகிறீர்களா? முடிவுத் தேதியைப் படியுங்கள்

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அவர் மனைவிக்கு ஊட்டியில் மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. இருவருமாக மேலே குடிவருகிறார்கள். வீடு பார்த்தாயிற்று, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, காலையில் மேகம் வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். ஒப்பந்தம் எதுவரை என்று கேட்டேன்.

"பதினோரு மாதம் அண்ணா."

"மாதக் கணக்கு வேண்டாம். தேதியைப் படியுங்கள்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "மார்ச் 31."

பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்ற விஷயங்கள் போகிற போக்கில் வரும்.

கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு வழி சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வருகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஊட்டிதானே, நம் ஊர்தானே என்று நினைத்துக்கொள்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்துத் திருப்பூரிலிருந்து ஒரு மினி லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தோம். என் மனைவி கணிதத்தில் எம்.எஸ்சி. எட்டு ஆண்டுகள் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு, 33 வயதில் 'இனி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்' என்றாள். பி.எட். இடம் கிடைத்தது இந்த மலையில். நான் கணக்காளன். இரண்டு சிறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் விட்டால், மாதத்தின் மற்ற நாள்களில் நான்தான் வீட்டுக்காரியம் பார்க்கிறவன்.

அரசு வேலைகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கேஸ் இணைப்பை மாற்றுவது, ரேஷன் அட்டையில் முகவரி மாற்றுவது எல்லாம் கீழே செய்வது போலத்தான். புதிது ஒன்றே ஒன்று. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வாகனங்கள் வர இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவெண் TN என்ற எழுத்துக்கு அடுத்து 43 என்று வரும். உங்கள் வண்டியில் வேறு எண் இருந்தால், குடியிருப்புக்கான சான்றோடு உள்ளூர்க்காரருக்கான பாஸ் கேட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதல் வாரமே போய் நின்றுவிடுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் அசடு வழிய வேண்டாம். இங்கே அதற்குத் தடை.

பணக்கணக்கில் மட்டும் ஒரு வார்த்தை. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும், சம்பளம் கிடையாது. அதற்கு மேல் ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆக, ஒரு சம்பளத்தில் இரண்டு ஆண்டு என்று கணக்குப் போடாதீர்கள், மூன்று என்று போடுங்கள். கணக்காளனான நானே இரண்டு என்று போட்டேன்.

சமையலறைக்கு வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் மாலை வரை நினைத்துக்கொண்டிருக்கலாம். குக்கர்தான் கதி, அதிலும் கூடுதலாக இரண்டு விசில். தேங்காய் எண்ணெய் ஆண்டு முழுவதும் கட்டிதான். டிசம்பரில் இட்லி மாவு புளிக்க ஒன்றரை நாள் ஆகிறது. முதல் குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, என் லேப்டாப்பின் சூடு படும்படி மேசையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். 'வீடியோவில் உங்கள் பக்கத்தில் போர்த்திக்கொண்டு இருப்பது யார்?' என்று திருப்பூர் முதலாளி கேட்டார்.

ஒன்றைச் சிரிக்காமல் சொல்கிறேன். உறைபனி விழும் இரவுகளில் கரியடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவை மூடிக்கொண்டு தூங்காதீர்கள். அப்படித் தூங்கியவர்களில் எழுந்திருக்காமலே போனவர்கள் இந்த மலைகளில் உண்டு. கம்பளி வாங்குங்கள், இன்னொரு கம்பளி வாங்குங்கள்.

ஈரம் குளிரைவிட மோசம். சான்றிதழ்களில் பூஞ்சை பிடிக்கும், தோல் செருப்பு பச்சையாகும். பி.எட். படிக்கிறவர்களுக்கு இதில் தனித் தொல்லை, ஏனென்றால் படிப்பில் பாதி சார்ட் தாளில்தான் நடக்கிறது. அவள் காலையில் நேராக வரைந்து ஒட்டிய செங்கோண முக்கோணம் மாலையில் அப்பளம் போல வளைந்திருக்கும். ஸ்கெட்ச் பேனா மை கர்ணத்திலிருந்து கசிந்து பக்கங்களுக்குப் போகும். பிறகு சார்ட்டுகளை அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தப் பழகினேன். அரிசி ஈரத்தை இழுத்ததோ, மூட்டையின் கனம் தாளை நிமிர்த்தியதோ, அந்த ஆண்டு மூலையில் நின்ற சார்ட்டுகள் பிழைத்தன.

இரவு எட்டு மணிக்கு நான் எட்டாம் வகுப்பு மாணவன். நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாறு நிமிடப் பாடம், அதில் ஒரே ஒரு திறன். கேள்வி கேட்பது ஒரு நாள், கரும்பலகையில் எழுதுவது இன்னொரு நாள். பித்தாகரஸ் தேற்றத்தை எனக்குப் பதினேழு முறை நடத்தியிருக்கிறாள். ஒரு நாள் சலிப்பில், கேட்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டேன். "கை தூக்காமல் பேசக் கூடாது" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. இந்தப் பெண் ஆசிரியை ஆகிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

இனி அந்த மார்ச் 31.

முதல் வீடு ஃபர்ன்ஹில் பக்கம். நாங்கள் வந்தது ஜூன் இரண்டாம் வாரம், மழை பிடித்துக்கொண்ட நேரம். வீட்டுக்காரர் பார்க்கப் பதமான மனிதர். டீயும் வர்க்கியும் கொடுத்து உட்காரவைத்தார். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. 'மே 1 முதல் 11 மாதங்கள்' என்று தட்டச்சு செய்திருந்தது. இது ஜூன் ஆயிற்றே என்றேன். "போன மாதம் வேறொருவர் வருவதாக இருந்தது, அவருக்கு அடித்த தாள். வீணாக்குவானேன், வாடகையை நீங்கள் வந்த நாளிலிருந்தே கொடுங்கள்" என்றார். எவ்வளவு நியாயமான மனிதர் என்று தோன்றியது. ஓர் இன்வாய்ஸில் தேதி ஒரு நாள் பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்றைக்கு வர்க்கியைத் தின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மே 1லிருந்து 11 மாதத்தை எண்ணிப் பாருங்கள். மார்ச் 31இல் வந்து நிற்கும். ஏப்ரலும் மேயும் ஊட்டியில் சீசன். குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, இங்கே மலர்க் கண்காட்சி. அந்த இரண்டு மாதமும் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், எங்களிடம் ஒரு மாதத்துக்கு வாங்குவதை மூன்று இரவில் எடுத்துவிடலாம். ஜூனில் மழை வந்ததும் சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் போவார்கள். அப்போது எங்களைப் போல ஒரு குடும்பம் சாமானோடு ஏறிவரும். மழைக்காலத்தில் வீட்டைக் காலியாகப் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பத்து மாதம் அடுப்பெரித்து, ஜன்னல் திறந்து, சுவரைக் காயவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாங்கள்தான், அதற்கு வாடகை வேறு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் முதல் வாரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "சீசனுக்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் நீங்களே வரலாம், வேறு யாருக்கும் விடமாட்டேன்" என்றார். நான் சட்டம் பேசினேன். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தீர்களா என்று அவரே திருப்பிக் கேட்டார். செய்யவில்லை. இரண்டு பேருமே செய்யவில்லை, ஆனால் நடுத்தெருவில் நிற்கப்போவது ஒருவர்தான். உள்ளே அவள் பாடத்திட்டக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்தாள், அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டும். "வழக்குப் போட எனக்கு நேரமில்லை, வாளியைக் கட்டுங்கள்" என்றாள்.

மார்ச்சில் ஊட்டியில் வீடு தேடிப் பார்த்திருக்கிறீர்களா? எந்தக் கதவைத் தட்டினாலும் 'ஜூனில் வாருங்கள்' என்பதுதான் பதில். அவள் ஒரு விடுதியில் மூன்று பேரோடு ஓர் அறையில் சேர்ந்தாள். சாமான் ஒருவர் வீட்டு விறகுக்கொட்டகைக்குப் போயிற்று. நான் திருப்பூருக்கு, அம்மா வீட்டுக்கு இறங்கினேன். அட்வான்ஸ் அறுபதாயிரத்தில் பதினான்காயிரத்தைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டீர்களானால், சுவரில் பூஞ்சை பிடித்ததற்கு வண்ணமடிக்க. அவர் வீட்டுப் பூஞ்சை அது, நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது இல்லை.

அந்த மே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு மேலே போனேன். சீசனில் மேலே ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்குபவை கோத்தகிரி வழி. பர்லியாறில் ஆரம்பித்த நெரிசல் விடவே இல்லை. ஊட்டி போய்ச் சேர்ந்தபோது கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன முருங்கைக்காய்ச் சாம்பாரை டிபன் கேரியர் மூடியிலேயே ஊற்றிச் சாப்பிட்டோம். மேலே முருங்கைக்காய் விலை கொடுத்து வாங்கி மாளாது. பேசிய பேச்சில் பாதி, துணி ஊறவைக்கும் சிவப்பு வாளி யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி. மீதிப் பாதியில், காலாண்டுக் கணக்கை முடித்துவிட்டீர்களா என்று கேட்டாள். எங்களைச் சுற்றி நூறு பேர் குல்லா போட்டுக்கொண்டு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே வீடு பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சுற்றுலாக்காரன் ஆசைப்படும் வீட்டுக்கு நீங்கள் ஆசைப்படாதீர்கள். ஜன்னலில் பள்ளத்தாக்கு தெரிந்தால், அந்த ஜன்னல் மே மாதத்தில் உங்களுடையது இல்லை. தெற்கே பார்த்த சரிவா, டிசம்பரிலும் வெயில் சுவரில் விழுமா என்று கேளுங்கள். அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஓராண்டைத் தாண்டிய குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும் என்பதால்தான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். செலவானால் ஆகட்டும், படிப்பு முடியும்வரைக்கும் எழுதிப் பதிந்துவிடுங்கள். முடியாது என்றால், முடிவுத் தேதி ஜூனுக்குப் பிறகு விழும்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாங்கள் கேத்தி பாலாடாவில் இருக்கிறோம். வீட்டுக்கார அக்கா படுகர், கேரட் விவசாயம். விடியுமுன்பே கேரட் கழுவும் இயந்திரம் ஓட ஆரம்பித்துவிடும். முதல் வாரம் தூக்கமே இல்லை, இப்போது அது நின்றால்தான் விழிப்பு வருகிறது. ஒப்பந்தம் எழுதும்போது நான் தேதியை மூன்று முறை படித்ததைப் பார்த்து, "தம்பி, அந்தத் தாளையே தின்றுவிடுவீர்கள் போலிருக்கிறதே" என்றார். நடந்ததைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு முறம் கேரட் கொண்டுவந்து வைத்தார். ஆண்பிள்ளை வீட்டில் சமைக்க, மனைவி பள்ளிக்குப் போவது அவருக்கு முதலில் புதிராக இருந்தது. 'வேலை போய்விட்டதா?' என்று மெதுவாக விசாரித்தார். இப்போது படுகர்களின் அவரைக் குழம்பான 'உதக்க' எப்படிச் செய்வது என்று எனக்குத்தான் சொல்லித்தருகிறார். மாலை ஆறு மணிக்கு மேல் மனைவியை அழைத்துவர டார்ச்சோடு பஸ் நிறுத்தத்துக்குப் போகச் சொன்னவரும் அவர்தான். தேயிலைத் தோட்டத்து ஓரம் காட்டெருமை நிற்கும், அது நமக்கு வழி விடாது, நாம்தான் விட வேண்டும்.

ஈரோட்டுத் தம்பி நேற்று இரவு மறுபடியும் போன் செய்தார். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 'பார்க்கலாம்' என்று பதில் வந்திருக்கிறது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, உங்கள் பக்கம் ஏதாவது வீடு காலியாக இருக்கிறதா?" என்றார். அக்காவிடம் கேட்டிருக்கிறேன், பின்பக்கம் இரண்டு அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எருக்குவியல்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.