பெரிய மேடை கிடைக்காத அணியைச் சிங்கப்பூரிலிருந்து விடாமல் பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் முதல் டிவிஷன் அணிகள் 360-க்கும் மேல். கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்சிஏஏவின் மார்ச் மாதக் கோப்பைப் போட்டிக்குப் போவது 68. விடுபட்ட நல்ல அணிகளுக்கு என்ஐடி, சிபிஐ என்ற வேறு இரண்டு போட்டிகள் இருக்கின்றன. என்ஐடி 1938-இல் தொடங்கியது. என்சிஏஏ போட்டியைவிட ஒரு வயது மூத்தது. ஒரு சின்னக் கல்லூரியை மனதாரப் பிடித்துப்போய்ப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

அணியை மார்ச் முதல் வாரத்திலேயே தேர்ந்தெடுங்கள். அட்டவணை வரட்டும் என்று காத்திருந்தால் முன்கதை தெரியாமல் வெறும் ஸ்கோர் பார்ப்பதாகிவிடும். கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து சீசன் முழுக்க ஆடும். சிறிய கான்ஃபரன்ஸுக்கு என்சிஏஏவில் பெரும்பாலும் ஒரே இடம். அதுவும் கான்ஃபரன்ஸ் போட்டியின் கோப்பையை வெல்பவருக்குத்தான். சீசன் முழுக்க முதலிடத்தில் இருந்த அணி அந்த வாரத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றாலும் கதவு சாத்திவிடும். நீங்கள் தேட வேண்டியது அந்த அணியைத்தான்.

2024-இல் இண்டியானா ஸ்டேட் அப்படித்தான் வந்தது. மிசூரி வேலி கான்ஃபரன்ஸில் முதலிடம், கான்ஃபரன்ஸ் போட்டியின் இறுதியில் டிரேக்கிடம் தோல்வி, என்சிஏஏ அழைப்பு இல்லை. என்ஐடி இறுதிவரை போய் சீட்டன் ஹாலிடம் 77-79 என்று தோற்றார்கள். மறு ஆண்டு சட்டனூகா: சதர்ன் கான்ஃபரன்ஸில் முதலிடம், கான்ஃபரன்ஸ் போட்டியில் சறுக்கல், பிறகு என்ஐடி கோப்பை. இறுதியில் யுசி அர்வைனை ஓவர்டைமில் 85-84 என்று வென்றார்கள்.

முதலிடம் பிடித்ததாலேயே என்ஐடி இடம் உறுதி என்று நினைக்காதீர்கள். 2023 வரை அது தானாகக் கிடைத்தது. 2024-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், பிறகு மீண்டும் திருத்தினார்கள். அந்தந்த ஆண்டின் விதியைப் பார்த்துவிடுங்கள். அழைத்தாலும் வராத கல்லூரிகள் உண்டு. ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடுவார்கள், பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார், மிச்சமிருப்பவர்களை வைத்து ஆட முடியாது. ஆகவே அட்டவணை வந்த மறுநாள் அணிப் பட்டியலை ஒருமுறை சரிபாருங்கள். சிபிஐ-யில் கல்லூரியே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். பணத்துக்காகவே ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 முதல் 2025 வரை அதன் ஆட்டங்கள் எல்லாம் ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில், ஒரே அரங்கில் நடந்தன.

நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது நேரத்தில்தான். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அதுவரை நியூயார்க்குக்கும் நமக்கும் 13 மணி வித்தியாசம், அதன்பின் 12. ஈஸ்டர்ன் நேரம் செவ்வாய் இரவு 7 என்றால் இங்கே புதன் காலை 7. மேற்குக் கரை நேரத்தில் போட்டிருந்தால் 15 மணி கூட்டுங்கள். பல செயலிகள் கைப்பேசியின் நேரத்துக்குத் தாமாகவே மாற்றிக் காட்டும். அது தெரியாமல் இன்னொரு 12 மணி கூட்டி ஆட்டத்தையே தவறவிடுவது வழக்கமான விபத்து. காலண்டரில் குறிக்கும்போது நேர மண்டலத்தை நியூயார்க் என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வீடியோ இங்கே எப்போதும் கிடைக்காது, வட்டாரக் கட்டுப்பாடு இருக்கும். கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய் ஆட்ட அட்டவணையைத் திறந்தால், பெரும்பாலும் வானொலி வர்ணனைக்கும், ஆட்டம் நடக்கும்போதே புள்ளிவிவரம் காட்டும் லைவ் ஸ்டாட்ஸுக்கும் இணைப்பு இருக்கும். இரண்டையும் சேர்த்து வையுங்கள். தெம்பனிஸில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கும்போதும் முதல் பாதி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பாதிக்கு 20 நிமிடம் என்றாலும் டைம்அவுட்களோடு சேர்த்து ஆட்டம் முழுக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

லைவ் ஸ்டாட்ஸில் ஸ்கோரைவிட ஃபவுல் கட்டத்தைப் பாருங்கள். ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து நம் அணிக்கு ஒன்-அண்ட்-ஒன்: முதல் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிவது) விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவதிலிருந்து இரண்டும் நிச்சயம். ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியே. சின்ன அணிக்கு பெஞ்சில் ஆள் குறைவு. அதனால் உயரமான ஆட்டக்காரர் முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால் பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துவிடுவார், முன்னிலை கரைவது அந்த ஆறேழு நிமிடத்தில்தான். கடைசி 8 நிமிடத்தில் யாருக்கு எத்தனை ஃபவுல் என்று தெரிந்தால் ஆட்டம் எங்கே திரும்பும் என்பது வர்ணனைக்கு முன்பே உங்களுக்குப் புரியும்.

என்ஐடியில் முதல் மூன்று சுற்றும் ஒரு கல்லூரியின் சொந்த அரங்கில் நடக்கும். யார் வீட்டில் ஆட்டம் என்பதை முதலில் பாருங்கள். அரையிறுதியும் இறுதியும் பொது அரங்கில். 2024, 2025 இரண்டிலும் அது இண்டியானாபொலிஸின் ஹிங்கிள் ஃபீல்டுஹவுஸ், 1928-இல் திறந்த கட்டடம். இண்டியானா ஸ்டேட் இருக்கும் டெர்ரே ஹோட்டிலிருந்து அது சுமார் 120 கிலோமீட்டர்தான். பொது அரங்கு என்று பெயர் இருந்தாலும் யாருடைய ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள்.