பொறுப்பு கூடியும் சம்பளம் கூடாதபோது: இன்சார்ஜ் செவிலியர்கள் செய்ய வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகளில் பலர் இன்சார்ஜ் ஆவது ஒரே விதமாகத்தான் நடக்கிறது. மூத்த சிஸ்டர் வேலையை விட்டு நின்ற மறுநாள், "இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று நிர்வாகம் வாயால் சொல்லிவிடும். டூட்டி ரோஸ்டர் போடுவது, தேவையான மருந்துகளுக்கு இன்டென்ட் எழுதுவது, விடுப்பு எடுத்தவருக்கு மாற்று ஆள் தேடுவது, நோயாளியின் உறவினர் கோபப்பட்டால் முன்னால் போய் நிற்பது என்று எல்லாம் அந்த ஒரு சொல்லோடு நம் தலையில் வந்து விழும். சம்பளத்தைப் பற்றி மட்டும் அன்றைக்கு யாரும் பேசமாட்டார்கள், கேட்கலாம் என்று நமக்கும் தோன்றாது.

அறுபது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையில் நானும் அப்படித்தான் பொறுப்பேற்றேன். மூன்றாம் ஆண்டில் என் வார்டில் தங்கை போன்ற இளைய சிஸ்டர் ஒருத்தி, தன் சம்பளச் சீட்டில் ஏதோ பிடித்தம் கூடியிருக்கிறது என்று காட்டினாள். அவளுக்கு 19,000 ரூபாய், எனக்கு 24,000. வித்தியாசம் நியாயமானதுதான் என்று எண்ணியபடியே வீட்டுக்குப் போனேன். ஆனால் அன்றிரவு ஒன்பதே காலுக்குத் தொலைபேசி வந்தது. நைட் டூட்டி சிஸ்டருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் கிடைக்கவில்லை. மறுபடி சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பியபோதுதான், மாதச் சம்பளத்தை வைத்து ஒப்பிட்டது தவறு, மணிக்கணக்கை வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

ஆகவே முதல் வேலை, ஒரு மாதம் முழுவதும் உங்கள் நேரத்தை ஒரு சிறு நோட்டில் எழுதுவது. வந்த நேரம், கிளம்பிய நேரம், வீட்டில் இருந்தபடி பேசிய தொலைபேசி அழைப்பு, அந்த நேரத்தில் செய்தது நோயாளி பராமரிப்பா நிர்வாக வேலையா என்பது ஆகிய நான்கும் போதும், ஆனால் அன்றன்றைக்கே எழுத வேண்டும். நான் எழுதிப் பார்த்தபோது, 26 நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 208 மணி நேரம் வர வேண்டிய இடத்தில், தினமும் கூடுதலாக ஒன்றரை மணி நேரமும் மாதத்தில் மூன்று இரட்டை டூட்டியும் சேர்ந்து 271 மணி நேரம் வந்தது. 24,000 ரூபாயை 271ஆல் வகுத்தால் மணிக்கு 89 ரூபாய். 208 மணி நேரத்தோடு வீட்டுக்குப் போன தங்கைக்கு மணிக்கு 91 ரூபாய். பொறுப்பேற்றதற்காக மணிக்கு இரண்டு ரூபாய் நான் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பக்கக் கணக்கு, பிறகு நான் சொன்ன எந்த வாதத்தையும்விட வலுவாக நின்றது.

நோட்டோடு சேர்த்து நியமனக் கடிதம், கடந்த ஓராண்டின் சம்பளச் சீட்டுகள், பிஎஃப் பாஸ்புக், உங்களை இன்சார்ஜ் என்று குறிப்பிடும் சுற்றறிக்கை அல்லது வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். கேஸ் ஷீட்டையோ, நோயாளியின் பெயர் உள்ள எந்தத் தாளையோ, மற்ற சிஸ்டர்களின் சம்பளச் சீட்டையோ படம் எடுக்காதீர்கள். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அந்த ஒரு படத்தைக் காட்டி உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க இடம் கொடுத்தவர்களாகிவிடுவீர்கள்.

அடுத்ததாகச் சம்பளச் சீட்டில் மொத்தத் தொகையை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். மொத்தம் 24,000 என்று சொல்லிவிட்டு, அடிப்படையை 8,000 என்று வைத்து, மீதி 16,000 ரூபாயைப் பல படிகளாகப் பிரித்துப் போடும் வழக்கம் உண்டு. கையில் வரும் பணம் மாறாததால் நாம் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் பிஎஃப்பும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) குறைந்துபோவது இங்கேதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். மேற்சொன்ன உதாரணத்தில் கணக்கிடத்தக்க ஊதியம் 8,000 இல்லை, 12,000. பத்தாண்டுப் பணிக்கான பணிக்கொடையை 15/26 என்ற விகிதத்தில் (மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்) கணக்கிட்டால் 8,000 ரூபாய்க்குச் சுமார் 46,150 ரூபாயும், 12,000 ரூபாய்க்குச் சுமார் 69,230 ரூபாயும் வரும். இந்த வித்தியாசம் வேலையை விட்டு நிற்கும் நாளில்தான் தெரியவரும் என்பதால் இப்போதே கேட்பது நல்லது.

"நீங்கள் மேனேஜ்மென்ட் ஆள், தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்ற பதிலை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. தொழில் தகராறு எழுப்பும் உரிமை உள்ள 'தொழிலாளி' என்ற வரையறையிலிருந்து நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் விலக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் எந்த வகை என்பதைப் பதவிப் பெயரை வைத்து நீதிமன்றங்கள் தீர்மானிப்பதில்லை, அவர் முதன்மையாகச் செய்யும் வேலை என்ன என்பதையே பார்க்கின்றன. நாளில் ஆறு மணி நேரம் ஊசி போட்டு, டிரிப் மாற்றி, டிரஸ்ஸிங் செய்துவிட்டு ஒரு மணி நேரம் ரோஸ்டர் எழுதுகிறவரை நிர்வாகி என்று சொல்லிவிட முடியாது. உங்கள் நோட்டில் நோயாளி வேலையையும் நிர்வாக வேலையையும் பிரித்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். மேலும், ஊதியச் சட்டத் தொகுப்பில் 'பணியாளர்' என்ற சொல் மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் இருப்பவர்களையும் உள்ளடக்கியது. ஆகவே உரிய நாளில் ஊதியம் பெறுவது, ஒரே விதமான வேலைக்கு ஆண் பெண் வேறுபாடில்லாத ஊதியம் பெறுவது போன்ற உரிமைகள் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டுக்கும் உண்டு. உங்கள் வேலைக்கு ஒத்த வேலையைச் செய்யும் ஆண் ஒருவர் 'ஃப்ளோர் மேனேஜர்' என்ற பெயரில் கூடுதலாக வாங்கினால், அங்கே கேட்க வேண்டியது இந்தச் சம ஊதிய உரிமையைத்தான்.

எவ்வளவு கேட்பது என்பதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் நிலையை ஆராய உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று உத்தரவிட்டதைத் தொடர்ந்து அமைந்த குழு, படுக்கை எண்ணிக்கையை வைத்து ஊதியத்தைப் பரிந்துரைத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் மாநில அரசில் அதே தரத்துச் செவிலியர் வாங்கும் ஊதியம், 100க்கு மேல் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்கும் குறைவாக இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 'அதே தரத்து' என்பதைக் கவனியுங்கள். இன்சார்ஜை ஒப்பிட வேண்டியது அரசு மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளரோடுதான், புதிதாகச் சேர்ந்த செவிலியரோடு இல்லை. இது மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட பரிந்துரை, தானாகவே சட்டமாகிவிடாது. ஆனாலும் "நியாயமான தொகை எது" என்று நிர்வாகம் கேட்டால் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான தாள் வேறில்லை.

இனிப் பேச்சுக்கு வருவோம். நம் ஊரில் மருத்துவமனை உரிமையாளரின் குடும்பமும் நம் குடும்பமும் ஒரே கோயில் திருவிழாவில் சந்திக்கும். "ஆச்சி உன்னை மகள் மாதிரி வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் போய்ப் பணம் கேட்பாயா" என்று நம் அம்மாவே சொல்வார். அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் பிரசவத்தின்போது எனக்குக் காயம் என்ற மருந்தை இடித்துக் கொடுத்தனுப்பியவர் அந்த ஆச்சிதான். ஆனால் பாசம் வேறு, கணக்கு வேறு என்பதைச் செட்டிநாட்டுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. திருமணத்தையே இசைகுடிமானம் என்று எழுதி வைக்கும் வழக்கம் உள்ள நகரத்தார் ஊர் இது. எழுதிக் கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது என் அனுபவம். அப்பாவையோ சித்தப்பாவையோ தூது அனுப்புவதுதான் காரியத்தைக் கெடுக்கும், ஏனென்றால் அப்போது அது உங்கள் ஊதியமாக இல்லாமல் அவர்கள் செய்யும் உதவியாகிவிடும்.

நிதியாண்டு முடியும் முன், பிப்ரவரியில் நேரம் கேட்டு வாங்குங்கள். வார்டில் ஏதேனும் சிக்கல் நடந்த வாரத்தில் பேசாதீர்கள். முதலில் நேரில் பேசிவிட்டு, அன்றே கடிதம் கொடுங்கள். நான் கொடுத்த கடிதத்தின் நடுப்பகுதி இது: "ஐயா, மூன்று ஆண்டுகளாக இன்சார்ஜ் பொறுப்பில் 14 செவிலியர்களின் ரோஸ்டர், மருந்து இருப்பு, புதியவர்களுக்கான பயிற்சி ஆகியவற்றைக் கவனித்து வருகிறேன். சென்ற மாதம் நான் பணியாற்றிய நேரம் 271 மணி. விவரம் இணைப்பில் உள்ளது. இன்சார்ஜ் பதவியை நியமனக் கடிதத்தில் எழுதித் தரவும், பொறுப்புப் படியாக மாதம் 6,000 ரூபாயை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து வழங்கவும் வேண்டுகிறேன்." மற்றவர்களின் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், தயங்கினால் அதையே மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.

முழுத் தொகை கிடைக்காவிட்டால், இரட்டை டூட்டிக்குத் தனிப் பணம், வாரத்தில் ஒரு நாள் தொலைபேசி அழைப்பே இல்லாத விடுப்பு, ரோஸ்டர் எழுத ஓர் உதவியாளர் என்று நேரத்தைக் குறைக்கும் வழிகளைக் கேளுங்கள். உயர்வால் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டும் நிலையில் இருப்பவர்கள், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நின்றுவிடும் என்பதை மனத்தில் வைத்து, அதற்கு ஈடாக மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டு மாதமாகியும் பதில் இல்லையென்றால், நினைவூட்டல் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்பலாம் என்பதால் பதற்றப்பட்டு வேலையை உதறிவிட வேண்டாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சுகிறவர்கள், பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதை அறிந்துகொள்ளுங்கள். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும்.

விலகுவது என்றே முடிவு செய்தால், வேறு இடத்து நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு விலகுங்கள். அனுபவச் சான்றிதழில் இன்சார்ஜ் பொறுப்பும் அதன் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் எழுதித் தந்தால் அடுத்த இடத்தில் மறுபடி அடியிலிருந்து தொடங்க நேரும். நிர்வாகம் உங்கள் சம்பளக் கணக்கை முடித்துத் தர வேண்டிய கெடு இரண்டு வேலை நாள். செவிலியர் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் அசலைப் புதிய இடத்தில் சரிபார்ப்புக்குக் காட்டிவிட்டு, அன்றே கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

எனக்கு அந்த ஏப்ரலில் 4,500 ரூபாய் கூடியது, பதவியும் எழுத்தில் வந்தது. கடந்த மூன்று ஆண்டுக்கான நிலுவை கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின் அந்த மருத்துவமனையில் இன்சார்ஜ் ஆனவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தோடுதான் பொறுப்பேற்றார்கள்.