‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’ கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான யெஸ்ஸின் பேஸ் கிதார் கலைஞர் கிறிஸ் ஸ்குவயர் 1975 நவம்பரில் வெளியிட்ட தனி ஆல்பம் ‘ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்’. ஐந்தே பாடல்கள், மொத்தம் 42 நிமிடத்துக்குச் சற்று மேல். பிரிட்டன் பட்டியலில் 25ஆம் இடம், அமெரிக்காவில் 69ஆம் இடம் வரை போனது. புரோக் (புரோகிரசிவ் ராக்) ரசிகர்கள் இன்றும் விடாமல் பேசும் இசைத்தட்டு இது. ஆனால் பேச்சு பெரும்பாலும் “பேஸ் பிரமாதம்” என்பதோடு நின்றுவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பாதி அந்த ஒற்றை வரியிலிருந்து கிளம்பியவைதான்.

பேஸை மட்டும் துரத்துவது

ஸ்குவயரின் பேஸ் ஒலி பளிச்சென்று இருக்கும். பிக் (மீட்டப் பயன்படும் சிறு தகடு) கம்பியில் படும் சத்தம், கூடவே வரும் உலோக ரீங்காரம் எல்லாம் காதுக்கு மிக எளிதில் எட்டும் அலைவரிசையில் விழுகின்றன. மிக்ஸிலும், அதாவது எல்லாக் கருவிகளையும் கலந்த இறுதி ஒலியிலும், அது முன்வரிசையில் நிற்கிறது. அதனால் காது தானாக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அது இயல்புதான். அங்கேயே தங்கிவிட்டால், இந்த ஆல்பத்தின் இன்னொரு நாயகன் காதில் விழாமலே போய்விடுவார்.

அவர் ஆண்ட்ரூ ப்ரைஸ் ஜாக்மன். பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கெஸ்ட்ரா அமைப்பு, அதை நடத்தியது எல்லாம் அவர். லண்டனின் கிங்ஸ்பரியில் தேவாலயப் பாடகர் குழுவில் ஸ்குவயரோடு பாடியவர். அறுபதுகளில் ‘தி சின்’ குழுவில் கூட வாசித்தவர். வயலின் போன்ற நரம்பிசைக் கருவிகள், ஹார்ன்கள், மரத்துளை வாத்தியங்கள் என மூன்று அணிகளுக்கும் எழுதப்பட்ட இசை பாடலுக்கு மேல் பூசிய அலங்காரமாக நிற்கவில்லை. பேஸ் ஒரு வரியை விட்டால் அதை எடுத்து முடிப்பது அந்த அணிகள்தான். எங்கள் கணக்கில் இது பாதி ஸ்குவயர் ஆல்பம், பாதி ஜாக்மன் ஆல்பம். யெஸ்ஸின் ‘டோர்மேட்டோ’வில் (1978) வரும் ‘ஆன்வர்ட்’ பாடலுக்கும் ஜாக்மன்தான் ஆர்கெஸ்ட்ரா எழுதினார் என்று தெரிந்தால், அந்தக் கையெழுத்தை இங்கேயே அடையாளம் காணலாம்.

செய்து பார்க்க ஒரு வழி: ‘யூ பை மை சைட்’ பாடலை மூன்று முறை போடுங்கள். முதல் முறை பியானோவை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது முறை நரம்பிசைக் கருவிகளையும் காற்று வாத்தியங்களையும் கவனியுங்கள். பேஸுக்கு மூன்றாவது முறை போதும். ஐந்து நிமிடப் பாடல்தான், கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

யெஸ் ஆல்பம் என்று நினைத்து உட்காருவது

எலெக்ட்ரிக் கிதார் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து எழுந்து போவார்கள். இங்கே யெஸ்ஸின் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹோவ் இல்லை. வழக்கமாக லீட் கிதார் நிற்கும் இடத்தைப் பேஸும் ஆர்கெஸ்ட்ராவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்குவயரே வாசித்த 12 கம்பி கிதார் உண்டு, ஆனால் தனியாவர்த்தனத்துக்கு வந்ததில்லை.

குரலிலும் இதே கதை. யெஸ்ஸில் முதன்மைப் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்குப் பின்னால் நின்று பாடியவர் ஸ்குவயர். இங்கே முன்னால் வந்தாலும் தேவாலயப் பாடகர் குழுவின் பழக்கம் விடவில்லை. ஒரு குரலை நிமிர்த்தி நிறுத்துவதைவிட நான்கைந்து குரல்களை அடுக்கி நிறுத்துகிறார். “லீட் பாடகராக மெலிந்த குரல்” என்று மதிப்பெண் போடுவது இந்த அடுக்கைக் கேட்காததால் வருவது. பாடல் வரிகளில் ஆண்டர்சன் பாணி ஞானமொழியைத் தேடுவதும் வீண் வேலை. பெரும்பாலும் நேரான அன்புப் பாடல்கள்.

1975, 76இல் யெஸ் உறுப்பினர்கள் ஐவரும் ஆளுக்கொரு தனி ஆல்பம் போட்டார்கள். ஹோவின் ‘பிகினிங்ஸ்’, ஆலன் வைட்டின் ‘ராம்ஷாக்கிள்ட்’, பேட்ரிக் மொராஸின் ‘தி ஸ்டோரி ஆஃப் ஐ’, ஆண்டர்சனின் ‘ஒலியாஸ் ஆஃப் சன்ஹில்லோ’ ஆகியவற்றோடு இதை வரிசைப்படுத்தி முதல் இடம் கொடுப்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு. செய்யலாம், தப்பில்லை. பயன் என்று எதுவும் கிடையாது.

யார் எதை வாசித்தார் என்பதில் குழப்பம்

டிரம்ஸில் யெஸ்ஸின் அப்போதைய டிரம்மர் ஆலன் வைட் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வாசித்தவர் பில் ப்ரூஃபோர்ட். 1972இல் யெஸ்ஸை விட்டு கிங் கிரிம்சன் குழுவுக்குப் போனவர். 1974இல் கிரிம்சன் கலைந்த பிறகு இங்கே பழைய கூட்டாளியோடு சேர்ந்தார். இறுக்கமான, சட்டென்று வெட்டும் ஸ்னேர் டிரம் ஒலியை வைத்தே அவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் பாடலின் ஆர்கனை யெஸ்ஸின் முன்னாள் கீபோர்ட் கலைஞர் ரிக் வேக்மன் கணக்கில் எழுதுவது அடுத்தது. வேக்மன் இந்தத் தட்டில் கிடையாது. ‘ஹோல்ட் அவுட் யுவர் ஹேண்ட்’ தொடக்கத்தில் கேட்பது லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் குழாய் ஆர்கன். வாசித்தவர் பேரி ரோஸ். ஸ்குவயரும் ஜாக்மனும் பாடிய அந்தப் பழைய தேவாலயக் குழுவை நடத்தியவரும் இவரே. ‘சைலண்ட்லி ஃபாலிங்’ பாடலின் ஆர்கன் வேறு: அது மொராஸ். அவர் பங்கு அந்த ஒரு பாடலோடு சரி. இரண்டு ஆர்கன்களையும் ஒரே ஆள் தலையில் கட்டுவதுதான் விமர்சனங்களில் அதிகம் பார்க்கும் பிழை.

‘லக்கி செவன்’ பாடலின் சாக்ஸபோன் மெல் காலின்ஸ், கிரிம்சனின் ‘ரெட்’ ஆல்பத்தில் வாசித்த அதே ஆள். புல்லாங்குழல் ஜிம்மி ஹேஸ்டிங்ஸ். கேரவன் குழுவின் தட்டுகளில் இவரைக் கேட்டிருப்பீர்கள். ஒலிப்பொறியாளர் பெயரும் ஜாக்மன்தான், ஆனால் அவர் க்ரெக் ஜாக்மன், ஆண்ட்ரூவின் சகோதரர். இருவரையும் ஒருவராக்கிவிட வேண்டாம்.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்டு முடிவு சொல்வது

பேஸ் கிதாரின் தடித்த ஈ கம்பி திறந்த நிலையில் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55, டி 73, ஜி 98. கைபேசியின் சின்ன ஸ்பீக்கர் இந்த எல்லைக்கு இறங்குவதே இல்லை. சாதாரணப் பேஸ் ஒலியாக இருந்தால் அது அப்படியே காணாமல் போகும். குறை என்னவென்று உடனே புரிந்துவிடும். ஸ்குவயரின் ஒலியில் மேல் அலைவரிசை நிறைய இருப்பதால் பேஸ் கேட்பது போலவே இருக்கும். உண்மையில் கேட்பது பிக் சத்தமும் மேல் ஒத்திசைகளும் மட்டும், அடிச்சுரம் இல்லை. “சத்தம் மெல்லிசு, கரகரப்பு” என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

நல்ல ஹெட்ஃபோன் அல்லது இரண்டு தனி ஸ்பீக்கர்கள் வேண்டும். ஒற்றை ப்ளூடூத் பெட்டியில் இடம் வலம் கலந்து, பரந்து நிற்க வேண்டிய ஆர்கெஸ்ட்ரா ஒரே குவியலாகிவிடும். ஈக்வலைசரில் பேஸைத் தூக்குவது இன்னொரு கெட்ட பழக்கம். ஆறு டெசிபல் ஏற்றினால் பேராலய ஆர்கனின் கீழ்ச்சுரங்களும் ப்ரூஃபோர்டின் கிக் டிரம்மும் பேஸோடு கலந்து கூழாகும். சமநிலையில் வைத்துக் கேளுங்கள்.

ஷஃபிளில் போடுவது கூடவே கூடாது. முதல் பாடலின் முடிவு இடைவெளியில்லாமல் ‘யூ பை மை சைட்’ பாடலின் பியானோவுக்குள் நுழைகிறது. சில பிளேயர்கள் ஃபைல்களுக்கு நடுவே ஒரு நொடி மௌனத்தைச் செருகும். இடைவெளியை நீக்கும் ‘கேப்லெஸ்’ அமைப்பை இயக்கியும், ஒரு பாடலின் முடிவை அடுத்ததோடு கலக்கும் ‘கிராஸ்ஃபேட்’ அமைப்பை நிறுத்தியும் வையுங்கள். மூன்றாம் பாடல் முடிந்ததும் நீங்களாகவே ஓரிரு நிமிடம் நிறுத்துவது நல்லது. வினைலில் அங்கேதான் பக்கம் திருப்ப வேண்டும். பதினொன்றரை நிமிடப் பாடலுக்குப் பிறகு காதுக்கும் ஓய்வு கிடைக்கும்.

‘லக்கி செவன்’ பாடலை நாலு நாலாக எண்ணுவது

பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், ஏழு. தாளம் 7/8, அதாவது ஒரு சுற்றுக்கு ஏழு சின்ன அட்சரம். காலால் சீராகத் தட்டிக்கொண்டே கேட்பவர்களுக்குப் பாடல் வழுக்கிப் போவது போலிருக்கும். காரணம் எளிது. இரண்டு சின்ன அட்சரத்துக்கு ஒரு தட்டு என்று தட்டினால், ஒரு சுற்றின் தொடக்கம் தட்டின்மேல் விழும், அடுத்த சுற்றின் தொடக்கம் இரண்டு தட்டுக்கு நடுவில் விழும், மூன்றாவது மீண்டும் தட்டின்மேல். இது தெரிந்துவிட்டால் காலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது ஏழு தட்டுக்கு ஒருமுறை, காலும் பாட்டும் சந்திக்கும்.

கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் இதை மிஸ்ர சாபு என்று எடுத்துக்கொண்டு ‘தகிட தகதிமி’ போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை சரி, ஆனால் மூன்று முன்னால், நான்கு பின்னால் என்ற அழுத்தத்தைப் பாட்டின் மேல் திணிக்காதீர்கள். ‘தகதிமி தகிட’ என்றும் சொல்லிப் பாருங்கள். பேஸ் எங்கே அழுத்துகிறது, ஸ்னேர் எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்தந்த இடத்தில் உட்காரும் சொற்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவதாக ஒரு அட்சரம் சேர்த்து வசதி பண்ணிக்கொள்வதுதான் உண்மையான பிழை. அதன்பின் காலின்ஸின் சாக்ஸ் எல்லாம் முந்திக்கொண்டு வருவது போலத் தோன்றும்.

‘சேஃப்’ பாடலில் பாதியில் கிளம்புவது

கடைசிப் பாடல் 14 நிமிடம் 56 நொடி. “ஒரே மெட்டு திரும்பத் திரும்ப” என்று ஆறாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். மெட்டு திரும்புவது உண்மைதான். பாடலின் வேலையே அதுதான். பெயரில் அடைப்புக்குள் ‘கேனன் சாங்’ என்று இருக்கிறது. கேனன் என்றால் ஒருவர் தொடங்கிய மெட்டை அடுத்தவர் சற்றுப் பின்னால் வந்து பிடித்துக்கொள்வது. இங்கே அந்த விதி இலக்கண சுத்தமாகப் பதினைந்து நிமிடமும் ஓடவில்லை. ஆனால் ஒரு சிறு மெட்டு கைமாறிக்கொண்டே போகும் கருத்து கடைசிவரை நிற்கிறது.

முதல் ஓரிரு நிமிடத்தில் அந்த மெட்டை வாயில் முணுமுணுக்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறை அது வரும்போதும் ஒரே கேள்வி போதும்: இப்போது யார் கையில் இருக்கிறது? அதோடு, மெட்டுக்கு அடியில் ஜாக்மன் என்ன மாற்றுகிறார் என்றும் பாருங்கள். இப்படிக் கேட்பவருக்கு ஆறாவது நிமிடம் ஆரம்பம் மாதிரிதான் இருக்கும். எங்கள் கருத்தில் ஆல்பத்தின் உயரமான இடம் இதன் பின்பாதி. ‘சைலண்ட்லி ஃபாலிங்’ பாடலின் நீண்ட கடைசிப் பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டோம். அதைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்.

பதிப்பு தெரியாமல் ஒப்பிடுவது, வாங்குவது

2018இல் எசோட்டரிக் ரெக்கார்டிங்ஸ் இந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது, மூலப் பதிவுகளிலிருந்து ஜாக்கோ ஜாக்ஸிக் புதிய ஸ்டீரியோ மிக்ஸும் 5.1 (சரவுண்ட்) மிக்ஸும் செய்தார். ஆகவே இரண்டு வேறு ஸ்டீரியோ மிக்ஸ்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் 1975 மிக்ஸையும் இன்னொருவர் 2018 மிக்ஸையும் கேட்டுவிட்டு ஆர்கெஸ்ட்ரா கேட்கிறதா இல்லையா என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ரீமாஸ்டர் என்றால் பழைய மிக்ஸின் ஒலியைச் சீர்செய்வது. ரீமிக்ஸ் என்றால் கருவிகளின் அளவையும் இடத்தையும் புதிதாக வைப்பது. அட்டையில் எந்தச் சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இரண்டையும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபல் அதிகமாக இருக்கும் பதிப்பு எப்போதும் “தெளிவாக” இருப்பது போலத் தோன்றும். பிளேயரில் ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயின் வசதி இருந்தால் இரண்டு ஃபைலுக்கும் போட்டுவிட்டு, ஒரே 30 நொடிப் பகுதியை மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

பழைய வினைல் வாங்குபவர்கள் முதல் பக்கத்தை மட்டும் போட்டுப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். சோதிக்க வேண்டியது இரண்டாம் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடம். பக்கம் கிட்டத்தட்ட 22 நிமிடம் ஓடுகிறது, ‘சேஃப்’ பாடலின் உச்சம் தட்டின் நடுவுக்கு அருகே வருகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளே வரும்போது அது 21 அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. தேய்ந்த ஊசியால் முன்பு யாராவது ஓட்டியிருந்தால் கரகரப்பு முதலில் இங்கேதான் தெரியும். நல்ல தட்டிலும் அங்கே கரகரத்தால் உங்கள் காட்ரிட்ஜின் (ஊசி பொருத்திய பகுதியின்) கோணத்தைச் சரிபாருங்கள். ஊசியின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில், பொதுவாக 1.5 முதல் 2 கிராமுக்குள், வையுங்கள். எடையை வேண்டுமென்றே குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான நம்பிக்கை. லேசான ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளிச் சுவரைக் கீறும்.

அந்த பேஸ் ஒலியை நகலெடுக்கும்போது

ஸ்குவயரின் கருவி ரிக்கன்பேக்கர் 4001 வகை. பிரிட்டனில் ஆர்எம்1999 என்ற பெயரில் விற்றது. கம்பி ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வௌண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய வகை. ரிக்கன்பேக்கர் வாங்கினால் ஒலி வந்துவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுவது பெரிய தவறு. பாதி ஒலி பிக் பிடிப்பில் இருக்கிறது: பிக் பட்ட கணமே கட்டைவிரலின் ஓரமும் கம்பியை லேசாக உரசும், அதில்தான் அந்த உலோகக் கூர்மை. பழைய, மழுங்கிய கம்பியில் இது வரவே வராது.

மீதிப் பாதி, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் இரண்டு பிக்கப்களின் ஒலியையும் தனித்தனியே அனுப்புவது. முழு ஒலியையும் ஒரே ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடலுக்குள் திணித்தால் அடிச்சுரம் சிதைந்து தடித்துப் போகும். ஒரு வழி சுத்தமாகவும் ஒரு வழி ஃபஸ்ஸோடும் போகட்டும். ஃபஸ் வழியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, கலக்கும்போது சுத்தமான வழியைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். கலந்ததும் ஒலி மெலிந்தால் ஒரு வழியின் ஃபேஸை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீரியோ ‘ரிக்-ஓ-சவுண்ட்’ துளையில் சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ஒரு பிக்கப் மட்டும்தான் கேட்கும். கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், பக்கத்தில் இருக்கும் மோனோ துளைக்கு மாற்றிச் செருகிப் பாருங்கள்.