குழந்தைகள் இருக்கும் வீட்டில் மடக்குச் சவரக்கத்தி: காய வைத்துப் பூட்டும் முறை

மடக்குச் சவரக்கத்தி வைத்திருக்கும் பலரும் ‘எட்டாத உயரத்தில்தான் வைத்திருக்கிறேன்’ என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த உயரத்தை ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தை ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கையைத் தூக்கினால் மேலும் ஒரு சாண் கூடும். வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை 40 சென்டிமீட்டருக்குக் குறையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிய குழந்தையின் விரல் 160 சென்டிமீட்டர் வரை போகும் என்றால், முகம் கழுவும் தொட்டிக்கு மேலுள்ள கண்ணாடித் தட்டு, ஜன்னல் விளிம்பு, ஃப்ரிட்ஜின் தலைப்பகுதி எல்லாமே எட்டும் இடங்கள்தாம். உயரம் நமக்குச் சில வினாடி அவகாசம் தரும். தடுப்பது பூட்டு மட்டுமே.

பூட்டினால் வேலை முடிந்துவிடும் என்றால் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. காவிரிப் படுகையில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய கத்திகளில் பெரும்பாலானவை கரிமம் மிகுந்த எஃகால் ஆனவை. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே மூன்று நாள் காயாத ஊரில், ஈரக் கத்தியை மடக்கித் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால், கத்தியையும் கைப்பிடியையும் இணைக்கும் கீல் ஆணியைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். அதற்குப் பயந்துதான் சவரம் முடிந்ததும் கத்தியைத் திறந்தபடி எங்காவது காய வைக்கிறோம். குழந்தையின் கைக்குக் கத்தி கிடைப்பது அந்தக் காயும் நேரத்தில்தான். ஆகவே நமக்குத் தேவை, கத்தி திறந்த நிலையிலேயே காயக்கூடிய, அதே வேளையில் பூட்டியிருக்கும் ஒரு பெட்டி. கும்பகோணத்துப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அமைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் கீழே விவரிக்கிறேன். கத்தியைத் தீட்டுவது, பிடிப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டி

எலக்ட்ரிகல் கடைகளில் மின் மீட்டர் பொருத்துவதற்கென்று விற்கும் தகரப் பெட்டி இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது. கதவும், பூட்டு மாட்டும் கொண்டியும் அதிலேயே இருக்கும். கண்ணாடி வைக்காத கதவாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பளபளப்பாக ஒன்று இருப்பது தெரிந்தால் குழந்தை அதை விடாது. முழுதாகத் திறந்த சவரக்கத்தி சுமார் 25 சென்டிமீட்டர் நீளம் வரும் என்பதால், உள்ளளவு 30 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் தாராளமாகப் போதும். மரப்பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் ஆசாரியிடம் சொல்லிப் பூவரசம் பலகையில் செய்துகொள்ளலாம். அழகாக இருக்கும், கரையான் கண்ணில் படாத வரையில்.

காற்றோட்டத்துக்காகப் பெட்டியின் அடித்தகட்டிலும் இரு பக்கங்களின் மேற்பகுதியிலும் 6 மில்லிமீட்டர் துளைகளை வரிசையாகப் போடுங்கள். கீழே நுழையும் காற்று மேலே வெளியேற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துளையிட்டால் உள்ளே புழுக்கம்தான் மிஞ்சும். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்த பிறகு, உட்புறமாக ஸ்டீல் கொசுவலையை ஒட்டிவிடுங்கள். குளவி கூடு கட்டாமல் இருக்கவும், பென்சிலோ ஈர்க்குச்சியோ உள்ளே போகாமல் இருக்கவும் அது உதவும். கொண்டியைப் பிடித்திருக்கும் திருகுகள் கதவை மூடிய நிலையில் வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அவற்றை எடுத்துவிட்டு, உள்ளே நட்டு வைத்து முடுக்கும் போல்ட்டாக மாற்ற வேண்டும். பூட்டைத் திறக்கத் தெரியாத ஆறு வயதுப் பையன் திருகைக் கழற்றத் தெரிந்துவைத்திருப்பான்.

சுவர்

இதைக் கடப்பதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. புதிய கான்கிரீட் தூணிலோ சிமெண்ட் பூசிய செங்கல் சுவரிலோ துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, திருகை முடுக்கினால் தீர்ந்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் அப்படிப்பட்டது அன்று. செங்கற்களுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புக் காரை. சில வீடுகளில் வெறும் மண் சாந்து. அதற்குள் அடித்த பிளக், திருகை முடுக்கும்போது தானும் சேர்ந்து சுற்றும். முடுக்கி முடித்ததுபோல் தோன்றினாலும், இரண்டு நாள் கழித்து இழுத்துப் பார்த்தால் திருகு பிளக்கோடு கையில் வந்துவிடும்.

துளையிடும்போது வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் துளை செங்கல்லில் இறங்குகிறது. அங்கே திருகு நிற்கும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பொலபொலவென்று கொட்டினால் காரையில் இறங்குகிறது. நிறுத்திவிட்டு இரண்டு விரற்கடை மேலே தள்ளிப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் நான்கு துளைகளுக்கும் நேராகச் செங்கல் அமைவது அரிது. காரையில் விழும் துளைகளுக்குப் பழைய முறையே சிறந்தது: 12 மில்லிமீட்டர் துளையிட்டு, நுனி சற்றே சிறுத்த வேப்பங்கட்டை முளை ஒன்றைச் சுத்தியலால் இறுக அடித்து, வெளியே நீட்டியிருப்பதை அறுத்துவிட்டு, அந்த மரத்தில் திருகை இறக்க வேண்டும். முளை நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரம் உலர்ந்ததும் சுருங்கித் தளர்ந்துவிடும். சிமெண்ட் குழைத்து ஓட்டையை நிரப்பலாம் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். சுண்ணாம்புக் காரையோடு சிமெண்ட் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறைச் சுவரும் மார்கழி வரை ஓதம் காத்துக் கிடக்கும். அவற்றைத் தவிர்த்து, இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் புகும்படி, திருகுகளில் தடிமனான வாஷர் மாட்டுங்கள். பெட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 160 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்குக் கீழே கட்டில், தண்ணீர் டிரம், தையல் மெஷின் எதுவும் கிடக்கக் கூடாது. மாட்டி முடித்ததும் இரண்டு கைகளாலும் பெட்டியைப் பிடித்து, உங்கள் உடல் எடையில் பாதியாவது அதில் இறங்கும்படி தொங்கிப் பாருங்கள். அசைந்தால் மறுபடியும் முளை அடியுங்கள். கத்தியும் பெட்டியும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோதான் வரும். ஆனால் பூட்டைப் பிடித்துத் தொங்கப்போகும் பிள்ளையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

உள்ளே மாட்டுவது

கத்தியைப் பெட்டிக்குள் படுக்கவைக்கக் கூடாது. அடியில் ஈரம் தங்கும், கூர்விளிம்பும் தகரத்தில் உரசும். சிறிய மரச்சட்டத்தில் ஒரு பிளவு வெட்டி, கீல் ஆணி அதில் உட்காரும்படி, கத்தியைப் பாதி திறந்த நிலையில் தொங்கவிடுங்கள். கூர்விளிம்பு சுவரைப் பார்க்க, முதுகு கதவைப் பார்க்க இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பூட்டைத் திறந்து கையை நீட்டும் நம் விரலில் முதலில் படுவது முதுகாக இருக்கும். சட்டத்தின் முன்னால் ஒரு விரல் உயரத்துக்குத் தடுப்புப் பட்டை ஒன்று அடித்துவிட்டால், கதவு அதிரும்போது கத்தி நழுவி விழாது. தீட்டும் தோல் வாரையும் இதே பெட்டியில் சுருட்டி வைத்துவிடலாம். ஆணியில் தொங்கும் வார் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆனால் கத்தியைத் தோல் உறைக்குள் செருகிப் பல நாள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகிலேயே பிடித்துவைத்திருக்கும்.

சவரம் முடிந்ததும் கத்தியை அலசி, பழைய வேட்டித் துணியால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, கைப்பிடியின் இரு தகடுகளுக்கு நடுவே துணியின் முனையைத் திரித்து நுழைத்து, கீலருகில் நிற்கும் நீரை எடுத்துவிடுங்கள். உடனே பெட்டியில் மாட்டிப் பூட்டிவிட்டு, அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. முகத்தில் நுரையோடு இருக்கும்போதுதான் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், தொலைபேசி அடிக்கும். எழுந்து போவதென்றால் கத்தி பூட்டுக்குள் போன பிறகே போக வேண்டும்.

அடுத்த சவரம் ஒரு வாரம் கழித்துத்தான் என்றால், மறுநாள் கத்தி காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாளடைவில் பிசுக்காகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் காற்றோட்டமுள்ள இந்தப் பெட்டியில் பயன் தராது. மூடிய டப்பாவில்தான் அது வேலை செய்யும். அதையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நீல நிற மணிகள் கொண்ட வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதை வாங்கவே வேண்டாம்.

பூட்டும் சாவியும்

சிறிய பித்தளைப் பூட்டே என் தேர்வு. இரும்புப் பூட்டு இரண்டு மழைக்காலத்தில் இறுகிவிடும். நம்பர் பூட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. தோளில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளை எண்களை மனப்பாடம் செய்துவிடும். பிசின் பட்டையால் ஒட்டும் குழந்தைப் பூட்டுகள் கரண்டி வைக்கும் இழுப்பறைக்குச் சரி, கத்திக்குச் சரிப்படாது. மழைக்காலத்தில் பிசின் விட்டுவிடும்.

சாவியை வண்டிச் சாவியோடு கோக்காதீர்கள். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த வீட்டில் முதலில் நீட்டப்படுவது வண்டிச் சாவிதான். தனி வளையத்தில் கோத்து, பீரோவுக்குள் ஓர் ஆணியில் மாட்டுங்கள். நம் பாட்டிமார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்ததில் இருந்த கெட்டிக்காரத்தனம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வாசகர்கள் கேட்டவற்றுக்காகச் சேர்த்தவை

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்டீல் பீரோவின் லாக்கர் போதும். ஆனால் நகை எடுக்க வீட்டார் திறக்கும் இடம் அது என்பதால், கத்தி தனி உறையில் இருக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல பிவிசி குழாயைக் கத்தியின் நீளத்துக்கு அறுத்து, இரு முனையிலும் மூடி போட்டு, மூடிகளில் காற்றுத் துளை இட்டால் உறை தயார். லாக்கருக்குள் ஈரக் கத்தி காயாது என்பதால், துடைத்த பிறகு மின்விசிறிக்குக் கீழே கையில் பிடித்தபடியே காயவிட்டு உள்ளே வையுங்கள். கீழே வைத்துவிட்டு நகர்வதற்கு இடமில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகும்போது இந்தக் கத்தியை எடுத்துப்போகாமல் இருப்பதே மேல். பத்துப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் பூட்டிய பெட்டி கிடைக்காது. சாதாரண ரேசர் போதும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் உவர் நீரும் கூடுதல் தொல்லை. கடைசி அலசலைக் குடிநீரில் செய்யுங்கள். அடுத்த சவரம் எப்போது என்று பாராமல் ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவுங்கள்.

தாத்தா காலத்து ஜெர்மன் சோலிங்கன் கத்தியைப் பெட்டியில் சேர்த்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கைப்பிடி செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்காக இருந்தால் சேர்க்க வேண்டாம். தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருவது அதன் அடையாளம். செல்லுலாய்டு சிதையத் தொடங்கினால் வெளிவிடும் அமில ஆவி பக்கத்திலுள்ள கத்திகளையும் அரித்துவிடும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். அதற்குத் தனியாகப் பூட்டிய, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும்.

சலூன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்ன பிறகே பிளேடு மாட்டும் கத்தியைப் பற்றி இங்கே எழுதவில்லை என்பது கவனத்துக்கு வந்தது. அந்தக் கத்தி பூட்டில் இருந்தாலும், கழற்றிய பாதி பிளேடு தாளில் சுற்றிக் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. தவழும் குழந்தைக்கு அதுதான் முதலில் கிடைக்கும். முடிதிருத்தும் தொழில் செய்பவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளில் மாட்டிவரும் அடைப்பப் பையையும், அதாவது சவரக் கருவிகள் வைக்கும் பையையும், திண்ணையில் வைக்காமல் நேரே பெட்டிக்குள் வைக்க வேண்டும். பிளேடுகளுக்கு, பால்பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் காசு நுழையும் அளவு கீறலிட்டு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உயரத்தில் வையுங்கள். நிறைந்ததும் கீறலையும் நாடாவால் அடைத்து, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கீறல் பட்டுவிட்டால், சுத்தமான துணியை வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். மருத்துவர் அதைக் கழுவி எடுக்கும்போது குழந்தைக்கு வலி இரட்டிப்பாகும். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, வெட்டு ஆழமாகத் தெரிந்தாலோ 108-ஐ அழையுங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப்போனால் டெட்டனஸ் ஊசி தேவையா என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.