வாட்ஸ்அப்பில் தேர்தல் வேலை: புதிதாக வரும் தம்பிகள் செய்யக்கூடாதவை

போன வாரம் பென்னாகரத்தில் எங்கள் பூத் கமிட்டிப் பையன்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து புது குரூப் தொடங்கினார்கள். முதல் பதிவைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 2019ல் நான் அனுப்பிய அதே செய்தி, ஒரு வரிகூட மாறவில்லை. எழுத்துப்பிழை, மாற்றிப் போட்ட போட்டோ இதையெல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

"சேலஞ்ச் ஓட்டு" செய்தியைப் பரப்புவது

"பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவில் சேலஞ்ச் ஓட்டு போடுங்கள். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவு." இதுதான் அந்தச் செய்தி. மொத்தமும் பொய்.

49ஏ விதி வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது, ஓட்டுப் போட வந்தவர் உண்மையில் அவர்தானா என்று வாக்குச்சாவடியில் உள்ள கட்சி ஏஜென்ட் 2 ரூபாய் கட்டிக் கேள்வி எழுப்புவது. டெண்டர் ஓட்டு 49பி (ஆங்கிலத்தில் 49P) விதியில் வரும். உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டால், தாளில் வாக்களித்துத் தனி உறையில் வைப்பார்கள். 14 சதவீதம் என்று ஒரு கணக்கு எங்கேயும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஆதார் காட்டினாலும் வாக்காளர் அட்டை காட்டினாலும் ஓட்டுப் போட முடியாது.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நல்லது செய்வதாக நம்பி ஐந்து குரூப்புக்கு அனுப்பினேன். அப்போது ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஒரே தட்டில் ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது.

2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்யும் ஒரு குடும்பம் இரண்டு நாள் கூலியை விட்டு, ராத்திரி பஸ்ஸில் ஓசூர் வழியாக நின்றுகொண்டே வந்து சேர்ந்தது. வீடு பூட்டிக் கிடந்ததால் பட்டியலில் பெயரை நீக்கியிருந்தார்கள். புறப்படும் முன்பே அது அந்த அம்மாவுக்குத் தெரியும். "பேரு இல்லன்னாலும் போடலாம்னு நீதான தம்பி அனுப்பின?" என்று போனைத் தூக்கிக் காட்டினார். வாக்குச்சாவடி அலுவலர் பொறுமையாக விளக்கித் திருப்பி அனுப்பினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரும்பிப் போனவரிடம் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

என் பதிவை அழித்தேன். என் போனிலிருந்து மட்டும்தான் அது நீங்கியது. சாயங்காலம் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒருவர் அதையே எனக்கு அனுப்பினார்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் இது உயிரோடு திரும்பி வருவதுதான் எனக்கு ஆத்திரம். பெயர் சேர்க்க ஒரே வழி படிவம் 6. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. பரப்ப வேண்டிய செய்தி இதுதான், அதுவும் இரண்டு மாதம் முன்பே. இணையத்தில் பார்க்கத் தெரியாதவர்கள் 1950க்கு போன் செய்யலாம். 2024 பிப்ரவரியில் வெளியூர்க் குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பெயரைச் சரிபார்த்தேன். நான் போட்ட எந்த வீடியோவும் அந்த அளவுக்கு வேலை செய்ததில்லை.

குரூப் எண்ணிக்கையை ஓட்டு என்று எண்ணுவது

பாதிப் பேர் வேறு தொகுதி. மீதியில் எதிர்க்கட்சிக்காரரும் உண்டு.

கைக்காசில் விளம்பரம் போடுவது

பேஸ்புக்கில் காசு கட்டிப் பதிவை ஓட்டினால் அது விளம்பரம். ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். செலவு வேட்பாளர் கணக்கில் சேரும். நம் மாநிலத்தில் மக்களவைக்கு உச்சவரம்பு 95 லட்சம். சமூக ஊடகத்துக்கும் இந்த விதிகள் பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது. வேட்பாளரைக் கேட்காமல் ஆசையில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

செயற்கைக் குரல், செயற்கை வீடியோ

இந்தோனேசியாவில் 2024 தேர்தலுக்கு, 2008ல் இறந்த முன்னாள் அதிபர் சுகார்த்தோவையே பேச வைத்து ஓட்டுக் கேட்டார்கள். நம்மூரிலும் ஆப் இருக்கிறது, பையன்களுக்குக் கையும் அரிக்கிறது. போலி என்று தெரிய வந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று கட்சிகளுக்கு ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. பாப்பாரப்பட்டிக்குப் போனதை எப்படி நீக்குவீர்கள்?

போன் நம்பர் லிஸ்ட் விலைக்கு வாங்குவது

வேண்டாம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் 8.7 கோடி பேரின் பேஸ்புக் விவரம் போனது இப்படி ஒரு பேராசையில்தான்.

கடைசி 48 மணி நேரம்

2024ல் ஏப்ரல் 19 மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. அப்படியென்றால் 17ஆம் தேதி மாலை 6 மணிக்கே பிரசாரம் முடிந்தாக வேண்டும். அந்த நிமிடத்திலேயே அட்மின் மட்டும் பதிவிடும்படி குரூப்பை மாற்றிவிடுங்கள்.