கப்பை எண்ணினால் போதுமா? கால்பந்து மேனேஜர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் நம்மூர் நேரத்துக்கு நள்ளிரவு 12.30-க்கோ 1.30-க்கோ தொடங்கும். அதைப் பார்த்துவிட்டுத் தூங்காத கண்ணோடு காலையில் பாளையங்கோட்டை டீக்கடையில் கூடுகிறவர்கள் கோலைவிட மேனேஜரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். "அஞ்சு கப் எடுத்த மனுசன்வே, அதுக்கு மேல என்ன பேச்சு?" என்று ஒருவர் ஆன்செலோட்டிக்காக மல்லுக்கு நிற்பார். "அம்புட்டுக் காசு குடுத்தா யாருதாம்வே எடுக்கமாட்டா?" என்று இன்னொருவர் கார்டியோலாவைத் தள்ளிவிடுவார். பேச்சு நல்ல பேச்சுதான். ஆனால் அதில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகள் தகுதியானவர்களைக் கீழே இறக்கி, அதிர்ஷ்டம் அடித்தவர்களை மேலே ஏற்றிவிடுகின்றன.

கப் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது

2024 வரை இருந்த முறையில், குரூப் சுற்றிலிருந்து கோப்பையைத் தூக்குவது வரை ஒரு அணி ஆடியது 13 ஆட்டம். இப்போதைய முறையில் 15 அல்லது 17. அதிலும் பாதி ஆட்டங்கள் ஒரே கோலில் முடிவாகிற நாக்-அவுட். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிதாகத்தான் இருக்கும்.

2014 லிஸ்பன் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 36-வது நிமிடத்தில் கோடின் தலையால் முட்டிய கோலில் அட்லெட்டிகோ மாட்ரிட், ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 1-0 என்று முன்னால் நின்றது. 90 நிமிடம் முடிந்து கூடுதல் 3-வது நிமிடத்தில் ஒரு கார்னர். ரியலின் ராமோஸ் முட்டினார், 1-1. எக்ஸ்ட்ரா டைமில் ரியல் மாட்ரிட் 4-1. அந்தக் கார்னர் தவறியிருந்தால் அன்றைய ரியல் மேனேஜர் ஆன்செலோட்டி கணக்கில் ஒரு கப் குறைந்திருக்கும், அட்லெட்டிகோ மேனேஜர் சிமியோனே கணக்கில் ஒன்று ஏறியிருக்கும். அந்த ஆண்டு முழுக்க இருவரும் செய்த வேலையோ துளியும் மாறியிருக்காது.

அந்த ஆட்டத்தில் மேனேஜரை எடைபோட வேண்டிய இடம் வேறு. காயத்திலிருந்து முழுதாகத் தேறாத டியகோ கோஸ்டாவை சிமியோனே தொடக்கத்திலேயே இறக்கினார். 9-வது நிமிடத்தில் அவர் வெளியே போனார். அன்றைக்கு ஒரு அணிக்கு மூன்று மாற்று வீரர்கள்தான், எக்ஸ்ட்ரா டைமுக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. கடைசி அரை மணி நேரத்தில் அட்லெட்டிகோ வீரர்களுக்குக் கால் ஓயவும், இறக்கப் புதிய ஆள் இல்லை. ராமோஸின் கோல் அதிர்ஷ்டம். கோஸ்டாவை இறக்கியது சிமியோனே எடுத்த முடிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதித் தவறு போய்விடும்.

1999 பார்சலோனா இறுதி ஆட்டமும் இப்படித்தான். மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் மாற்று வீரர்களாக இறக்கிய ஷெரிங்கமும் சோல்ஸ்கியரும் 90 நிமிடம் முடிந்த கூடுதல் நிமிடங்களில் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். உடனே "மாற்று இறக்குவதில் மேதை" என்று பெயர். அதற்கு முன்பு எதிரணி பேயர்ன் மியூனிக் ஒரு தடவை போஸ்டிலும் ஒரு தடவை மேல்கம்பத்திலும் அடித்திருந்ததை யாரும் சொல்வதில்லை. எதிர்ப்பக்கத்தில் பேயர்ன் மேனேஜர் ஹிட்ஸ்ஃபெல்ட் 80-வது நிமிடத்தில் மத்தேயஸை வெளியே எடுத்தது இன்றுவரை அவர்மேல் குறையாகச் சொல்லப்படுகிறது. பேயர்ன் 1-0 என்று ஜெயித்திருந்தால் களைத்துப்போன 38 வயதுக்காரரைச் சரியான நேரத்தில் எடுத்தார் என்று அதையே புகழ்ந்திருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு கப்புக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: இறுதி ஆட்டம் எத்தனை கோல் வித்தியாசம், பெனால்டியில் முடிந்ததா, அந்த மேனேஜர் மொத்தம் எத்தனை தடவை அரையிறுதிவரை வந்தார். கப் ஒரு நாள் தவறும். அரையிறுதிக்குத் திரும்பத் திரும்ப வருவது தற்செயலாக நடக்காது. ஆன்செலோட்டியின் பெருமைக்கு ஐந்து சாம்பியன்ஸ் லீக்கைவிட வலுவான சான்று இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என்று ஐந்து நாட்டிலும் லீக் பட்டம் வாங்கியது. லீக் என்பது 34 அல்லது 38 ஆட்டம். அங்கே ஒரு கார்னர் எல்லாவற்றையும் புரட்டிப்போடுவது அபூர்வம்.

காசு விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குவது

தலைமடைக்காரரின் பிசான விளைச்சலையும் கடைமடைக்காரரின் விளைச்சலையும் வெறும் மூட்டைக் கணக்கில் வைத்து, யார் நல்ல விவசாயி என்று தாமிரபரணிப் பாசனத்தில் ஒருவரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் எவ்வளவு வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். கால்பந்தில் அந்தத் தண்ணீர், சம்பளப் பட்டியல்.

பலரும் வீரர்களை வாங்கிய விலையைத்தான் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். ஐந்து வருட ஒப்பந்தத்தில் 5 கோடி பவுண்டுக்கு ஒருவரை வாங்கினால் கிளப்பின் கணக்கில் அது வருடத்துக்கு 1 கோடியாகத்தான் ஏறும். ஒப்பந்தம் முடிந்து விலையில்லாமல் வருகிற பெரிய நட்சத்திரம் வாங்கிய விலைக் கணக்கில் பூஜ்யம், சம்பளக் கணக்கில் மலை. ஒரு லீக்கில் யார் மேலே நிற்பார்கள் என்பதைப் பல சீசன்கள் சேர்த்துப் பார்த்தால் சம்பளத் தொகைதான் அதிக நெருக்கமாகக் காட்டுகிறது.

இங்கிலாந்து கிளப்புகள் தங்கள் ஆண்டுக் கணக்கை அரசுப் பதிவகத்தில் தாக்கல் செய்கின்றன. அதில் ஊழியர் செலவு தனியாக இருக்கும், யாரும் பார்க்கலாம். அந்த மேனேஜர் இருந்த ஒவ்வொரு சீசனுக்கும் கிளப் சம்பளத்தில் எத்தனையாவது இடம், புள்ளிப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று எழுதிக் கழியுங்கள். குறைந்தது ஐந்து சீசன் வேண்டும். சம்பளத்தில் 8-வது இருந்து பட்டியலில் 4-வது வந்தால் கூட்டல் 4. ரனியேரியின் லெஸ்டர் 2015-16-இல் 81 புள்ளியோடு பட்டம் வென்றபோது சம்பளத்தில் கீழ்ப்பாதியில் இருந்தது. அந்தக் கூட்டல் எண் மலைக்கவைக்கும். ஆனால் அது ஒரே சீசன். அடுத்த பிப்ரவரியில் அவரை நீக்கிவிட்டார்கள்.

சம்பளத்தில் முதலிடத்தில் இருக்கும் கிளப்புக்கு இந்தக் கழித்தல் உதவாது, முதலிடத்துக்கு மேலே இடம் ஏது? அங்கே கேட்க வேண்டியது, அவருக்கு முன்னும் பின்னும் அதே காசில் என்ன நடந்தது என்பது. பேயர்ன் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 பட்டம் வென்றது. நடுவில் கார்டியோலா வாங்கிய மூன்று பட்டத்தை மட்டும் காட்டி அவரைப் பெரியவர் என்பது சரியில்லை, மற்றவர்களும் வாங்கினார்களே. அவருடைய மான்செஸ்டர் சிட்டி கதை வேறு. மான்செஸ்டர் யுனைடெட், செல்சி, லிவர்பூல் எல்லாம் காசுள்ள கிளப்புகளாக இருக்கும் லீக்கில், 2018 முதல் 2024 வரை ஏழு சீசனில் ஆறு பட்டம். 2017-18-இல் 100 புள்ளி. "காசு இருந்தால் யாரும் எடுப்பார்கள்" என்ற வாதம் இங்கே நிற்காது. கத்தார் பணம் 2011-இல் வந்த பிறகும் பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன் கிளப் சாம்பியன்ஸ் லீக்கைத் தொட 2025 ஆனது.

எதிர்ப்பக்கத்துக் கட்டுக்கதையும் உண்டு. பிரையன் கிளஃப் காசே இல்லாமல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை ஐரோப்பிய சாம்பியன் ஆக்கினார் என்பார்கள். 1977-இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஏறி, 1978-இல் லீக் சாம்பியன், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்): இது கால்பந்திலேயே ஈடில்லாத வேலை. ஆனால் 1979 இறுதி ஆட்டத்தில் ஒரே கோலைப் போட்ட டிரெவர் ஃபிரான்சிஸ், பிரிட்டனில் 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் வீரர். கிளஃபின் பெருமைக்குப் பொய் ஏழ்மை தேவையில்லை.

வெவ்வேறு காலத்துப் புள்ளிகளை அப்படியே ஒப்பிடுவது

இங்கிலாந்தில் வெற்றிக்கு 3 புள்ளி 1981-இல்தான் வந்தது. அதற்கு முன் 2. 1995 வரை பெரும்பாலான சீசன்களில் லீக்கில் 22 அணி, 42 ஆட்டம். பாப் பெய்ஸ்லியின் லிவர்பூல் 1978-79-இல் 30 வெற்றி, 8 டிரா, 4 தோல்வி, 68 புள்ளி. இன்றைய கண்ணுக்கு 68 நாலாவது, ஐந்தாவது இடம் போலத் தெரியும். கணக்கை மாற்றுங்கள்: 30-ஐ 3-ஆல் பெருக்கி 8 கூட்டினால் 98, 42-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 2.33, 38 ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 89. அந்த 42 ஆட்டத்தில் எதிரணிகள் அவர்களுக்கு எதிராகப் போட்ட கோல் 16.

இதிலும் ஒரு எச்சரிக்கை. இன்றைக்குப் பெரிய கிளப்புக்கும் சின்ன கிளப்புக்கும் இடையில் காசு வித்தியாசம் பெருகிவிட்டதால் மேலே இருப்பவர்களின் புள்ளிகள் வீங்கிவிட்டன. 1996-97-இல் 75 புள்ளியில் யுனைடெட் சாம்பியன். 2018-19-இல் கிளாப்பின் லிவர்பூல் 97 எடுத்தும் இரண்டாமிடம். அதனால் புள்ளியைவிட, இரண்டாமிடத்துக்கும் தனக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது நல்லது.

வாசலே அடைத்திருந்த காலமும் உண்டு. 1985 முதல் ஐந்து ஆண்டுகள் இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் தடை. ஹோவர்ட் கெண்டலின் எவர்ட்டன் 1985-லும் 1987-லும் லீக் சாம்பியன்; ஐரோப்பியக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. "அவரு ஐரோப்பாவுல என்ன சாதிச்சாரு?" என்று கேட்பது அநியாயம்.

எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் வைப்பது

கிளஃபின் பக்கத்தில் பீட்டர் டெய்லர் இருந்தார். யாரை வாங்குவது என்ற கண் அவருடையது. 1982-இல் டெய்லர் ஃபாரஸ்டை விட்டுப் போன பிறகு கிளஃபுக்கு இரண்டு லீக் கப் கிடைத்தது, லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ மறுபடி வரவில்லை. ஃபெர்குசனுக்கோ நாக்ஸ், கிட், மெக்லாரன், கெய்ரோஸ், ஃபீலன் என்று துணைப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பட்டங்கள் நிற்கவில்லை. துணைவர் மாறியும் பலன் மாறாமல் இருந்தால் பெருமையில் பெரும்பங்கு மேனேஜருக்குத்தான்.

பாதி சீசனில் வந்தவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. டி மத்தேயோ 2012 மார்ச்சில் செல்சியை ஏற்று மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்றார், நவம்பரில் நீக்கப்பட்டார். பொதுவாக அணி மிக மோசமாக ஆடும்போதுதான் மேனேஜரை மாற்றுகிறார்கள். அந்தச் சரிவு யார் வந்தாலும் கொஞ்சம் நிமிரும். முதல் பத்து ஆட்டத்தை வைத்து ஒருவரைக் கொண்டாட வேண்டாம்.

அழகை மட்டும் பார்ப்பது, ஹைலைட்ஸ் மட்டும் பார்ப்பது

2010 அரையிறுதியில் கேம்ப் நோவில் மொரினியோவின் இன்டர், 28-வது நிமிடத்தில் மோட்டா சிவப்பு அட்டை வாங்கிய பிறகு பத்துப் பேரோடு நின்று, 1-0 என்று தோற்றும் மொத்தத்தில் 3-2 என்று மேலே போனது. பந்தை விட்டுக்கொடுத்து இடத்தை அடைப்பதும் பயிற்சி மைதானத்தில் மணிக்கணக்கில் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தைதான். சாக்கியின் மிலானை ரசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் கேட்டதும் ஒழுங்கைத்தான்: கடைசித் தடுப்பாளருக்கும் முன்கள வீரருக்கும் இடையில் 25 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இத்தாலி லீக்கை மிலானோடு வென்றது ஒரே தடவை. ஆனால் அவருக்குப் பிறகு வந்த பெரிய மேனேஜர்களில் அவர் யோசனையைத் தொடாதவர்கள் குறைவு. அர்ஜென்டினாக்காரரான மேனேஜர் பியல்சாவும் அப்படி. மேனேஜராகும் முன்பு கார்டியோலா அர்ஜென்டினாவுக்கே போய் அவரைச் சந்தித்தார். இந்தச் செல்வாக்கைத் தனி வரியில் எழுதுங்கள். கப் குறைவை ஈடுகட்டும் சாக்காக அதே கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஹைலைட்ஸில் மேனேஜர் தெரியமாட்டார், கோல்தான் தெரியும். முழு ஆட்டம் பார்க்கும்போது நாலு நேரத்தில் கவனியுங்கள். கோல் கிக் எடுக்கும்போது பக்கத் தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள். பந்து பறிபோன அடுத்த 5 விநாடியில் எல்லோரும் சேர்ந்து பாய்கிறார்களா, சேர்ந்து பின்வாங்குகிறார்களா. ஆளுக்கொரு பக்கம் போனால் பயிற்சி சரியில்லை. 55 முதல் 70-வது நிமிடத்துக்குள் வரும் மாற்றத்தில் அமைப்பு மாறுகிறதா, ஆள் மட்டும் மாறுகிறாரா. 75-க்குப் பிறகு 1-0 முன்னிலையை எப்படிக் காக்கிறார்கள். டிவி கேமரா பந்தையே துரத்துவதால் இதற்குக் கண் பழக நேரம் ஆகும். பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களில் ஆட்டம் பார்க்கப் போனால் கோட்டோரம் நிற்காமல், கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரமான இடம் பார்த்து நில்லுங்கள். வரிசைகளின் இடைவெளி அங்கிருந்துதான் துல்லியமாகத் தெரியும்.

டிவியில் வராதவர்களை மறப்பது

இந்தப் பேச்சில் இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பெயர் வருவதே இல்லை. 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாமிடம். 1962-இல் தலையில் அடிபட்டிருந்த தடுப்பாளர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு மாற்றினார். அவர் அரையிறுதியிலும் கோல் போட்டார், தென்கொரியாவை 2-1 என்று வென்ற இறுதியிலும் போட்டார். அப்போது ரஹீம் புற்றுநோயோடு இருந்தார், அடுத்த ஆண்டு காலமானார். காசு, ஆள், காலம் என்று மேலே சொன்ன எல்லா அளவுகோலையும் அவருக்கும் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியர் பலர் அவருக்குக் கீழேதான் வருவார்கள்.

அவர் போன பிறகு நடந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

ஃபெர்குசன் 2013-இல் 11 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியனாக விடைபெற்றார். அடுத்த சீசன் யுனைடெட் 7-வது. இதை அவர் பெருமைக்குச் சான்று என்பாரும் உண்டு, கிழட்டு அணியை விட்டுப்போனார் என்பாரும் உண்டு. அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போனார், ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றார், ஃபெர்டினாண்டுக்கு 34 வயது. ஒரே நேரத்தில் இத்தனை மாறியதால் சரிவை ஒரே காரணத்தில் கட்ட முடியாது. மறுபக்கம், கிளாப் போன உடனே 2024-25-இல் ஸ்லாட் கிட்டத்தட்ட அதே அணியோடு லிவர்பூலுக்குப் பட்டம் வாங்கித்தந்தார். அதனால் கிளாப் சிறுத்துப்போகவில்லை, ஷாங்க்லிக்குப் பிறகு வந்த பெய்ஸ்லி அதிகம் வென்றதால் ஷாங்க்லி சிறுத்துப்போகாததுபோல. விட்டுப்போன நாளில் முதல் பதினோரு பேரின் வயது என்ன, அவரோடு கூடவே வேறு யார் போனார்கள் என்று பாருங்கள். அடுத்த இரண்டு சீசன் வரைதான் அவர் கணக்கு. அதற்குப் பிறகு வருவது வந்தவர்களின் கணக்கு.